பன்னிரண்டு கதிரை, நாற்பது நிமிடம்: வன்னி வளாகத்தில் ஓர் எழுத்தமர்வு

நிகழ்வின் பின்னணி

இறுதியாண்டு மாணவரிடம் ஆய்வறிக்கை எந்த அளவில் நிற்கிறது என்று கேட்டால் அடிக்கடி வரும் பதில்: "டேட்டா எல்லாம் எடுத்தாச்சு, எழுதத்தான் இருக்கு." அந்த "எழுதத்தான்" என்ற ஒரு சொல்லுக்குள் இரண்டு மாதம் காணாமற்போய்விடும். வேலை நடக்காமலும் இல்லை. லப்டொப் திறந்திருக்கும், அட்டவணைகளின் நிறம் மாறும், பழைய கட்டுரைகள் இறங்கிக்கொண்டே இருக்கும். பந்தி மட்டும் வராது.

வவுனியாப் பல்கலைக்கழகம் 1997 முதல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமாக இருந்து, 2021 ஆகஸ்ட் 1ஆம் திகதி தனிப் பல்கலைக்கழகமானது. அதன் பிரதான வளாகம் மன்னார் வீதியில் பம்பைமடுவில் இருக்கிறது. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியல், தொழினுட்பப் பீடங்கள் இயங்குகின்றன. இரு இடங்களுமே நகரத்தைவிட்டு விலகியவை. தமிழ், சிங்கள, முஸ்லிம் மாணவர் ஒரே வகுப்பில் இருக்கிறார்கள். வீட்டு மொழி எதுவானாலும் அறிக்கை ஆங்கிலத்தில் போகவேண்டும்.

கீழே வருவது ஒரு மாதிரி நிகழ்வு. எந்தப் பீடத்தினதும் பெறுபேற்று அறிக்கையாக இதை எடுக்கவேண்டாம். இந்த வளாகங்களில் கிடைக்கும் அறை, கரண்ட், பஸ், விடுதி நேரம் ஆகியவற்றுக்குள் அடங்கும்படி 12 மாணவர் ஒரே அறையில் கூடி, குறித்த நேரச் சுற்றுகளாக மௌனமாக அவரவர் அறிக்கையை எழுதும் ஆறு வார எழுத்தமர்வுத் திட்டமும், அது எங்கெங்கே உடையும், ஏன் உடையும் என்ற ஆய்வும்தான் இது.

குப்பிக்கும் இதற்கும் உள்ள தூரம்

இலங்கைப் பல்கலைக்கழகங்களில் படித்தவர்களுக்குக் குப்பி என்றால் விளக்கம் தேவையில்லை. பரீட்சைக்கு முன் பாடம் விளங்கிய ஒருவர் கரும்பலகைக்குப் போவார், மற்றவர்கள் சுற்றி இருந்து கேட்பார்கள். குப்பி விளக்கின் பெயர்தான் அதற்கு ஒட்டிக்கொண்டது. வன்னியில் அந்த விளக்குக்கு இன்னொரு நினைவும் உண்டு. போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது ஜாம் போத்தலில் துளி மண்ணெண்ணெய் விட்டுப் படித்த தலைமுறையின் பிள்ளைகள்தான் இன்று இந்த விரிவுரை மண்டபங்களில் இருக்கிறார்கள். சேர்ந்து படிப்பது என்பது இங்கே புதிதாகக் கற்றுக்கொடுக்க வேண்டிய பழக்கமே அல்ல.

சிக்கல் தொடங்குவதும் அதில்தான். எழுத்தமர்வு என்று அழைத்தால் மாணவர் குப்பியை எதிர்பார்த்து வருவார்கள். பத்தாவது நிமிடத்தில் ஒருவர் பக்கத்துக் கதிரையிடம் "மச்சான், இந்த டெஸ்ட் எப்பிடிப் போட்டனி?" என்பார். கேட்டவருக்கு உதவி கிடைக்கும். சொன்னவருக்கும் திருப்திதான். ஆனால் பன்னிரண்டு பேரின் சுற்று அத்தோடு முடிந்துவிடும். குப்பியில் வாய் வேலை செய்யும், எழுத்தமர்வில் கை வேலை செய்யும். இரண்டையும் ஒரே மணித்தியாலத்துக்குள் வைத்தால் வாய்தான் வெல்லும். இந்த ஆய்வில் வரும் ஒவ்வொரு ஏற்பாடும் அமர்வு குப்பியாக மாறாமல் காப்பதற்கு உரியது.

அதற்காகக் குப்பியைத் தடைசெய்யத் தேவையில்லை, இடம் மாற்றினால் போதும். சனிக்கிழமை அமர்வு மதியத்தோடு முடிகிறது. பின்னேரம் 2 மணிக்கு அதே அறையில் கேள்வி நேரம் வைத்துவிட்டால், காலையில் எழும் கேள்வியை ஒரு தாளில் எழுதி வைக்கலாம். பின்னேரத்துக்குள் பாதிக் கேள்விக்குக் கேட்டவரே விடை கண்டிருப்பார்.

முறை எங்கிருந்து வந்தது

எல்லோரும் அறிந்த 25 நிமிட எழுத்து, 5 நிமிட ஓய்வு என்ற கணக்கு பிரான்செஸ்கோ சிரிலோ என்ற இத்தாலியருடையது. 1980களின் பிற்பகுதியில், மாணவராக இருந்தபோது, தக்காளி வடிவச் சமையலறை மணியை வைத்து அவர் அதை அமைத்தார். கூடி இருந்து மௌனமாக எழுதும் சந்திப்புகள் 2007இல் சான் பிரான்சிஸ்கோவில் எழுத்தாளர் நடுவே தொடங்கி, பின்னர் பல்கலைக்கழகங்களுக்குள் வந்தன. ஸ்கொட்லாந்தில் ரொவீனா மரே என்ற பேராசிரியர், எல்லோரும் நாள் முழுக்க ஒரே அறையில் இருந்து குறித்த நேரத்துக்கு எழுதி, குறித்த நேரத்துக்கு நிறுத்தும் முறையை வளர்த்தார். நமக்கு மிகவும் பொருந்துவது அவருடைய முறை. எழுத ஆளுக்கொரு தனி அறை எந்த வளாகத்திலும் கிடைக்காது. ஒரு வகுப்பறை கிடைக்கும்.

அறையும் பொருட்களும்

அறைக்குப் பன்னிரண்டு கதிரை, பன்னிரண்டு மேசை. எல்லாம் ஒரே பக்கம் பார்த்திருக்க வேண்டும். வட்டமாகப் போட்டால் கண்ணும் கண்ணும் சந்திக்கும், சந்தித்தால் சிரிப்பு வரும், அடுத்தது கதை. யன்னல் முதுகுப் பக்கம் இருந்தால் திரையில் வெயில் அடிக்கும். ஆகவே யன்னல் இடது அல்லது வலது பக்கம் வரட்டும். மின்விசிறிக்குக் கீழே இருப்பவருக்குத் தாள் பறக்காமல் இருக்கப் பாரமாக ஒரு கல் போதும்.

பெரிய தலையிடி பிளக். பழைய வகுப்பறையில் சுவர்ப் பிளக் இரண்டோ மூன்றோதான் இருக்கும். அதிலும் ஒன்று உருண்டைப் பின், மற்றது சதுரப் பின். மூன்று வருடம் பாவித்த லப்டொப்பின் பற்றரி ஒரு மணித்தியாலம் தாங்குவதே அரிது. ஒரு லப்டொப் சார்ஜருக்கு 65 வாற் என்று எடுத்தால் 12க்கும் 780 வாற். 13 அம்பியர் சதுரப் பின் பிளக் ஒன்று 230 வோல்ற்றில் ஏறத்தாழ 2,990 வாற் தாங்கும், அதனால் சுமையால் ஆபத்து இல்லை. ஆபத்து ஒரு மலிவு மல்ரி பிளக்குக்குள் இன்னொன்றை, அதற்குள் மூன்றாவதைக் குத்துவதில்தான். தளர்ந்த இணைப்பு சூடேறி உருகும். ஐந்து மீற்றர் நீளமுள்ள நல்ல எக்ஸ்டென்சன் வயர் மூன்றை வெவ்வேறு சுவர்ப் பிளக்கில் நேரடியாகக் குத்துங்கள். உருண்டைப் பின்னில் குத்துவதற்கு மட்டும் நல்ல அடாப்டர் ஒன்று வேண்டும். வயர் நடைபாதைக்குக் குறுக்கே போகாமல் சுவரோரமாக ஓடட்டும்.

கரண்ட் போகும் என்று எண்ணியே தொடங்கவேண்டும். மைக்ரோசொஃப்ட் வேர்ட் வழக்கமாகப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறைதான் மீட்புப் பிரதி எடுக்கும். அமைப்பில் அதை ஒரு நிமிடமாக்குவது முதல் நாளே எல்லோரும் சேர்ந்து செய்யவேண்டிய வேலை. டெஸ்க்டொப் கணினியில் எழுதுகிறவருக்கு இது இன்னும் அவசியம், பற்றரி என்ற ஒன்றே அதில் இல்லை. ஒவ்வொரு சுற்று முடிவிலும் பென் டிரைவில் ஒரு பிரதி போடட்டும். இணையத்தில் சேமிப்பதை மட்டும் நம்பினால் சிக்னல் விழும் நாளில் அமர்வும் விழும்.

தேநீரை அறைக்கே கொண்டுவாருங்கள். கன்டீனுக்குப் போனால் இருபத்தைந்து நிமிட ஓய்வு நாற்பது நிமிடமாகும். ஆளுக்கு 150 மில்லிலீற்றர் வைத்தால் 12 பேருக்கு 1.8 லீற்றர். இரண்டு லீற்றர் பிளாஸ்க் ஒன்று நிறையப் பிளேன்ரீயும் ஒரு பை பணிசும் போதும். இலக்கை எழுதச் சுற்றுக்கு ஒரு அட்டை என்று ஏ4 தாளை நான்காக வெட்டினால், நான்கு சுற்றுக்கு 12 பேருக்கும் சேர்த்து 48 அட்டை, அதாவது 12 தாள்.

நேர ஒழுங்கு

சனிக்கிழமை காலை அமர்வு இப்படி ஓடும். 8.30க்கு வந்து லப்டொப்பைத் திறந்து, வேண்டிய கோப்புகளை எடுத்து வைப்பது. 8.40க்கு ஒவ்வொருவரும் தன் இலக்கை அட்டையில் எழுதி, ஒரு வாக்கியத்தில் சத்தமாகச் சொல்வது. ஆளுக்கு அரை நிமிடம் என்றால் ஆறு நிமிடத்தில் முடியும். 8.50 முதல் 9.30 வரை முதற்சுற்று. பத்து நிமிடம் எழும்பி நடந்து, 9.40 முதல் 10.20 வரை இரண்டாவது. தேநீர். 10.45 முதல் 11.25, பிறகு 11.35 முதல் 12.15. கடைசிக் கால் மணித்தியாலம் முடிவுச் சொல்லுக்கு. நான்கு மணித்தியாலத்தில் எழுத்து நேரம் 160 நிமிடம்.

செவ்வாய், வியாழன் பின்னேரம் லேப் முடிந்தபின் 4.30 முதல் 6.05 வரை, 35 நிமிடச் சுற்று இரண்டு. பஸ்ஸில் போகிறவர்களையும் விடுதிக்குத் திரும்பவேண்டிய பெண்பிள்ளைகளையும் நினைத்துத்தான் இந்த முடிவு நேரம். அதற்குமேல் ஒரு நிமிடமும் நீட்டக்கூடாது. முழு நீளச் சுற்று ஓடும் வாரத்துக்கு 300 நிமிடம், ஆறு வாரத்துக்கு 30 மணித்தியாலத்துக்குச் சற்றுக் குறைவு. வெள்ளிக்கிழமையை விட்டது வேண்டுமென்றே. முஸ்லிம் மாணவருக்கு ஜும்ஆ, யாழ்ப்பாணம் போகிறவர்களுக்குப் பின்னேர ரெயில், பலருக்குக் கோயில்.

முதல் வாரம் மட்டும் 25 நிமிடச் சுற்று போதும், மௌனம் பழகவேண்டும். ஆனால் அதையே கடைசிவரை பிடித்துக்கொள்வது தவறு என்பது எங்கள் உறுதியான கருத்து. இரண்டாம் மொழியில், அட்டவணையைப் பார்த்துப் பார்த்து எழுதுகிறவருக்கு முதல் பத்து நிமிடம் இடத்தைக் கண்டுபிடிப்பதிலேயே போய்விடும். கை ஓடத் தொடங்கும்போது மணி அடித்தால் கோபம்தான் மிஞ்சும். இரண்டாம் வாரத்திலிருந்து வாரநாளில் 35, சனியில் 40. 50க்கு மேல் போனால் மத்தியான வெக்கையில் தலை கவிழும்.

அட்டையில் என்ன எழுதுவது

அமர்வு வெல்வதும் தோற்பதும் இந்த அட்டையில்தான். முதல் நாளில் வரும் இலக்குகள் "மூன்றாம் அத்தியாயம் முடிப்பது", "லிட்ரேச்சர் எழுதுவது" என்ற மாதிரி இருக்கும். நாற்பது நிமிடத்தில் எவராலும் அத்தியாயம் முடிக்க முடியாது. ஆகவே சுற்று முடிவில் அவர் தோற்றவராகத்தான் எழும்புவார். இரண்டு அமர்வு தோற்றவர் மூன்றாவதற்கு வரமாட்டார்.

"மண் மாதிரி எடுத்த முறை: எங்கே, எத்தனை ஆழம், எத்தனை மாதிரி. மூன்று பந்தி." இப்படி எழுதினால்தான் அது இலக்கு. நேரம் பார்ப்பவரின் ஒரே கேள்வி: "மணி அடிக்கும்போது திரையில் என்ன இருக்கும்?" விடை சொல்ல முடியாவிட்டால் அட்டையைத் திருப்பி எழுதவேண்டும். சுற்று முடிந்ததும் அட்டையின் பின்பக்கத்தில் முடிந்ததை அல்ல, மிச்சம் இருப்பதை எழுதுவது நல்லது. அடுத்த அமர்வின் முதல் இலக்கு அப்போதே தயார்.

சொல் எண்ணிக்கையைக் கூட்டத்தில் கேட்கவேண்டாம். ஒருவர் 600 என்பார், பக்கத்தில் சமன்பாட்டோடு போராடிய பொறியியல் பிள்ளை 40 என்று சொல்லிக் கூசிப்போகும். அந்த 40 சொல்லுக்குள் ஒரு முழு நிறுவல் இருந்திருக்கலாம்.

தேடல் என்னும் ஓட்டை

எழுதும்போது ஓர் ஆண்டு மறந்துபோகும். அதைப் பார்க்கத் திறந்த பிரௌசர் இருபது நிமிடத்தை விழுங்கும். இதற்கு மருந்து மூன்று நட்சத்திரக் குறி. தெரியாத எண், ஆண்டு, மேற்கோள் வரும் இடத்தில் *** போட்டுவிட்டுக் கடந்து போங்கள். பிறகு கண்ட்ரோல் எஃப் அழுத்தி நட்சத்திரங்களைத் தேடினால் எல்லாம் வரிசையாக வரும். வேர்டில் ஒரு சிறு கவனம்: தேடும் பெட்டியில் வைல்ட்கார்ட் தெரிவு போட்டிருந்தால் நட்சத்திரம் வேறு பொருள் கொள்ளும், அதை எடுத்துவிடவேண்டும். லேடெக் என்ற ஆவண வடிவமைப்பு மென்பொருளில் எழுதுகிறவர்களுக்கு வேறொரு பொறி உண்டு. அட்டவணையின் கோடு நேராக வரவில்லை என்று முழுச் சுற்றையும் அதில் விட்டுவிடுவார்கள். வடிவமைப்பு கடைசி வாரத்து வேலை.

தமிழில் நினைப்பதும் ஆங்கிலத்தில் எழுதுவதும்

இந்த இடத்தில் மற்ற நாட்டு முறைகள் நமக்கு உதவுவது குறைவு. "மௌனமாக இருந்து எழுது" என்ற கட்டளை, எழுதும் மொழி கையில் இருப்பவருக்குப் போதும். நம் மாணவர் பலருக்கு யோசனை தமிழிலும் திரை ஆங்கிலத்திலும் இருக்கிறது. நடுவில் உள்ள தூரம்தான் வெற்றுத் திரை. அதனால் 40 நிமிடச் சுற்றின் முதல் ஏழு நிமிடத்தைத் தாய்மொழிக்குக் கொடுக்கவேண்டும். தமிழ்ப் பிள்ளை தமிழில், சிங்களப் பிள்ளை சிங்களத்தில், கொப்பியில் பேனையால், பேசுகிற மாதிரியே எழுதலாம். போனில் பேசித் தட்டச்சுச் செய்தால் அறை மௌனம் கெடும். கணினியில் அடிக்க விரும்பினால் யூனிகோட் எழுத்தில் மட்டும். பாமினி என்ற பழைய, யூனிகோட் அல்லாத எழுத்துருவில் அடித்ததை ஆங்கில எழுத்துருவுக்கு மாற்றினால் அர்த்தமில்லாத எழுத்துக் குவியல்தான் வரும்.

நீர்ப்பாசனம் பற்றி ஆய்வு செய்யும் விவசாய பீட மாணவி ஒருவரின் கொப்பியில் இப்படி ஒரு வரி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்:

"சிறுபோகத்தில வாய்க்கால்ட கடைசி வயலுகளுக்குத் தண்ணி பிந்தி வந்ததால விதைச்ச நெல் சரியா முளைக்காம, திரும்ப விதைச்ச ஆக்களிட்ட விவரம் கேட்டது."

தமிழில் இது நல்ல வரி. காரணம், விளைவு, ஆள், செயல் எல்லாம் ஒரே மூச்சில் வந்து, கடைசியில் வினைமுற்று அடைக்கிறது. இதை அப்படியே ஆங்கிலத்துக்குத் தள்ளினால் ஐந்து வரி நீளமான, எழுவாய் தொலைந்த வாக்கியம் வரும். மேற்பார்வையாளர் சிவப்பு மையால் கோடு போடுவார். மாணவி தன் ஆங்கிலம் மோசம் என்று நினைப்பார். ஆங்கிலம் அங்கே குற்றவாளி அல்ல.

இரண்டாம் படி, வினைகளுக்குக் கீழே கோடு போடுவது: வந்தது, முளைக்கவில்லை, விதைத்தார்கள், கேட்டது. நான்கு வினை, ஆகவே நான்கு வாக்கியம். மூன்றாம் படி, ஒவ்வொரு வினைக்கும் "யார்?" என்று கேட்பது. தண்ணீர் வந்தது. நெல் முளைக்கவில்லை. கமக்காரர் விதைத்தார்கள். கேட்டது யார்? தமிழ் வரியில் அவர் இல்லவே இல்லை. "கேட்டது" என்று முடித்தால் நமக்கு விளங்கும், ஆங்கிலத்துக்கு ஆள் வேண்டும். ஆய்வாளர் கேட்டாரா, கேள்விக்கொத்து கொடுக்கப்பட்டதா, எத்தனை பேரிடம் என்ற விவரம் அந்தக் கேள்வியில்தான் வெளிவரும்.

இதற்குள் இன்னொரு பயன் மறைந்திருக்கிறது. நான்கு வாக்கியமும் பிரிந்து நின்றவுடன் அவை ஒரே அத்தியாயத்துக்கு உரியவை அல்ல என்பது தெரிகிறது. விவரம் கேட்டது ஆய்வுமுறைக்குப் போகும். தண்ணீர் பிந்தியதும் நெல் முளைக்காததும் பெறுபேறு. திரும்ப விதைத்ததன் செலவும் பொருளும் கலந்துரையாடலுக்கு. அறிக்கை குழம்பியிருக்கிறது என்று மேற்பார்வையாளர் சொல்வதன் பாதிக் காரணம், ஒரு தமிழ் வாக்கியத்துக்குள் மூன்று அத்தியாயம் ஒன்றாக இருந்ததே. ஏழு நிமிடக் கொப்பி வேலை அதைப் பிரித்துக் கொடுத்துவிடும். மீதி 33 நிமிடத்தில் ஆங்கிலத்தில் சின்னச் சின்ன வாக்கியம் போதும். இணைப்பது பின்னர்.

மொழிபெயர்ப்புச் செயலியில் முழுப் பந்தியையும் போடுவது பலரின் குறுக்குவழி. "வாய்க்கால்ட கடைசி வயலுகள்" என்பதை அது எப்படி எடுக்கும் என்று உறுதி இல்லை. துறைச் சொல் பிழைத்தால் ஆய்வே பிழைத்த மாதிரி. கொப்பியின் கடைசிப் பக்கத்தில் தன் துறைக்குரிய முப்பது நாற்பது சொல்லைத் தமிழும் ஆங்கிலமுமாக எழுதி வைத்தவர் இந்தச் சங்கடத்துக்குள் போகமாட்டார்.

ஆட்களால் வரும் சிக்கல்

மேற்பார்வையாளர் அறைக்குள் நடந்து திரிந்தால் அமர்வு வாய்மொழிப் பரீட்சை ஆகிவிடும். சேரோ மிஸ்ஸோ முதுகுக்குப் பின்னால் நிற்கும்போது எந்தப் பிள்ளையாலும் மோசமான முதல் வரைவு எழுத முடியாது. மோசமான முதல் வரைவு இல்லாமல் அறிக்கையே இல்லை. விரிவுரையாளர் வர விரும்பினால் தன் கட்டுரையோடு வந்து, ஒரு கதிரையில் இருந்து, தன் இலக்கையும் சத்தமாகச் சொல்லி எழுதட்டும். அதைவிடப் பெரிய ஊக்கம் வேறில்லை.

நேரம் பார்ப்பவர் வாராவாரம் மாறவேண்டும். ஒரே "அண்ணா" எப்போதும் மணி அடித்தால் அது அவருடைய கூட்டமாகும், மற்றவர் பார்வையாளர் ஆவார்கள். அறிவிப்பு எல்லோருக்கும் விளங்கும் எளிய ஆங்கிலத்தில் இருக்கட்டும். தமிழில் மட்டும் சொன்னால் சிங்கள மாணவர் இரண்டாம் வாரத்தோடு நின்றுவிடுவார்கள், அவர்களைக் குறைசொல்லவும் முடியாது.

போனைப் பறித்துக் கூடையில் போடும் வழக்கத்தை நாங்கள் ஏற்கவில்லை. வீட்டில் வருத்தக்காரர் இருக்கும் பிள்ளை போன் இல்லாமல் நிம்மதியாக எழுதாது. அழைப்பை எதிர்பார்ப்பவர் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டுக் கதவோரக் கதிரையில் இருக்கட்டும். மற்றவர்களின் போன் சத்தமில்லாமல் பைக்குள். ஹொட்ஸ்பொட் தேவை என்றால், அந்தச் சுற்றில் எழுத்து நடக்கப்போவதில்லை என்றுதான் பொருள்.

ஆள் குறையும் வாரம் பெரும்பாலும் மூன்றாவது. புதுமை தீர்ந்திருக்கும், முடிவு இன்னும் தெரியாது. அறுவடை நாட்களோடு அது சேர்ந்துவிட்டால் கமக்காரக் குடும்பத்துப் பிள்ளைகள் வயலுக்குப் போய்விடுவார்கள். அது சாட்டு இல்லை, வேலை. போனவரின் கதிரையை எடுக்கவேண்டாம், தவறவிட்ட அமர்வுக்கு ஈடு செய்யச் சொல்லவும் வேண்டாம். வட்ஸ்அப்பில் ஒரே ஒரு வரி அனுப்பினால் போதும்: "சனி 8.30, உங்கட அட்டை இருக்கு." கூடப் படிக்கிறவர் அனுப்பட்டும், விரிவுரையாளர் அல்ல. ஆறுக்குக் குறைவானோர் வந்தாலும் அமர்வை நிறுத்தக்கூடாது. நான்கு பேர் எழுதும் அறையும் எழுத்தமர்வுதான்.

ஆறாம் வாரம்

கடைசி வாரத்தில் புதுப் பந்தி எழுதும் இலக்கை ஏற்கவேண்டாம். செவ்வாயில் நட்சத்திரக் குறிகளை நிரப்புவது. வியாழனில் அட்டவணை, படங்களின் எண்ணும் தலைப்பும் உரையில் சொன்னதோடு பொருந்துகிறதா என்று பார்ப்பது. சனிக்கிழமை முதல் இரண்டு சுற்றும் உசாத்துணைக்கு: உரையில் உள்ள பெயர் பட்டியலில் இருக்கிறதா, பட்டியலில் உள்ளது உரையில் இருக்கிறதா. மூன்றாவதில் தன் சுருக்கத்தை மட்டும் வாய்க்குள் வாசித்துத் திருத்துவது. நான்காவதில் கோப்பை பி.டி.எஃப் ஆக்கி, பக்கம் பக்கமாக உருட்டிப் பார்த்து, பிரின்ட் கடைக்கு பென் டிரைவில் அந்தப் பி.டி.எஃப்பையே கொடுப்பது. வேர்ட் கோப்பைக் கொடுத்தால் கடைக் கணினியில் எழுத்துரு மாறி, உள்ளடக்கத்தின் பக்க எண்ணெல்லாம் நகர்ந்துவிடும்.

எக்ஸ்டென்சன் வயர், பிளாஸ்க், மிச்ச அட்டை மூன்றும் அடுத்த அணியின் முதல் நேரம் பார்ப்பவருக்குப் போகவேண்டும். அறை முன்பதிவு ஒரு செமஸ்டருக்கு முன்னரே செய்யப்படாவிட்டால் சனிக்கிழமை காலையை ஏதாவது மேலதிக வகுப்பு எடுத்துக்கொள்ளும். அந்த விண்ணப்பத்தையும் கடைசி அமர்விலேயே எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.